திரையும் ஏடும்: ஜப்பானியப் படங்களும் அவற்றை எழுதி வாழ்ந்தோரும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

திரைப்படம் பார்ப்பது பொழுதுபோக்கு, திரைப்படத்தைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கச்சேரிக்கு விமர்சனம் உண்டு. கவிதைக்குத் திறனாய்வு உண்டு. கோயிற் சிற்பத்திற்கு ஆராய்ச்சி நூல் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் கண்டு, அழுது, சிரித்து, விசிலடித்து வரவேற்ற ஒரு கலையை நிதானமாக எழுதி வைத்தோர் எத்தனை பேர்? எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் பெறாமல், தாம் விரும்பிய கலையைப் பற்றித் தம் பொறுப்பிலேயே எழுதி வாழ்பவரைச் சுயேச்சை எழுத்தாளர் என்கிறோம். அத்தகையோர் சிலரின் வாழ்வையும், அவர்கள் எழுத்துக்கு இடமளித்த ஜப்பானியத் திரைப்படக் கலையையும், அவற்றால் காவிரிக் கரையில் வாழும் நமக்கு என்ன பயன் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு மாணவர்களும் நான்கு பக்கங்களும்

ஜப்பானில் திரைப்பட எழுத்து எங்கே தொடங்கியது? பெரிய பத்திரிகை அலுவலகத்தில் அன்று. 1919ஆம் ஆண்டு டோக்கியோவில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் 'கினெமா ஜுன்போ' என்ற ஏட்டைத் தொடங்கினர். முதல் இதழுக்கு நான்கே பக்கங்கள். 'ஜுன்போ' என்றால் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் ஏடு என்று பொருள். அந்தச் சிறு தாள் இன்று நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆண்டுதோறும் அது வெளியிடும் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் இடம்பெறுவதை ஜப்பானிய இயக்குநர்கள் பெருமையாகக் கருதுகின்றனர். இதைத் தொடங்கியவர்கள் நம்மைப்போல் கருவிகளோடும் கணக்குகளோடும் படித்தவர்கள் என்பது அறிவியல் மாணவர்களாகிய நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் படங்கள் பேசா. திரையின் அருகே நின்று கதையை விளக்கிச் சொல்ல ஒருவர் இருப்பார். ஜப்பானியர் அவரைப் 'பென்ஷி' என்றனர். நடிகரைக் காட்டிலும் பென்ஷியின் பெயருக்காகவே கூட்டம் வந்த காலமும் உண்டு. நம் நாட்டிலும் மௌனப் படக் கொட்டகைகளில் கதை விளக்குவோர் இருந்தனர்.

நம் பகுதிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1905ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் ரயில்வேயில் வரைபடப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். தென்னகத்தில் நடமாடும் திரைக்கு வழிகாட்டியவர் அவரே. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்த மாதங்களில், மணல் குவித்துத் தரை டிக்கெட்டில் அமர்ந்து நம் பாட்டன் பாட்டிமார் கண்ட டூரிங் டாக்கீஸ்களுக்கெல்லாம் அந்தக் கூடாரமே மூதாதை.

ஜப்பானியப் படம் தமிழுக்கு வந்த வழி

1950ஆம் ஆண்டு அகிரா குரோசாவா 'ராஷோமோன்' என்ற படத்தை எடுத்தார். காட்டில் ஒருவன் இறந்து கிடக்கிறான். நடந்தது என்ன என்று நால்வர் சொல்கின்றனர். நான்கும் நான்கு விதம். எது உண்மை என்பதைப் படம் இறுதிவரை சொல்வதில்லை. இப்படத்தை வெளிநாட்டு விழாவுக்கு அனுப்ப அதைத் தயாரித்த நிறுவனத்திற்கே நம்பிக்கை பிறக்கவில்லை. டோக்கியோவில் கற்பித்துவந்த கியூலியானா ஸ்த்ரமிஜியோலி என்னும் இத்தாலிய அம்மையார்தாம் அதன் அருமையை உணர்ந்து வெனிஸ் விழாவுக்குப் பரிந்துரைத்தார். 1951இல் அது அங்கே முதற்பரிசாகிய தங்கச் சிங்கத்தைப் பெற்றது. உலகம் ஜப்பானியப் படங்களின் பக்கம் திரும்பியது. ஒரு கலைப்படைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதைக் கண்டுணர்ந்து பிறருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

மறு ஆண்டு, 1952இல், இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா நகரங்களிலும் நடந்தது. 'ராஷோமோன்' இங்கே வந்தது. அதைக் கண்டோரில் ஒருவர் வீணை மேதையாகப் பின்னர் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர். அதன் தாக்கத்தில் உருவானதே 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்'. ஜாவர் சீதாராமன் திரைக்கதை உரையாடல் எழுத, சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். பாட்டு இல்லை, நடனம் இல்லை. பாட்டுக்கென்றே மக்கள் கொட்டகைக்கு வந்த காலத்தில் இஃது எத்தகைய துணிவு!

1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசியது. அதற்கடுத்த பொழுதில் ஒரு வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு இறந்து கிடப்பதில் 'அந்த நாள்' தொடங்குகிறது. பகை நாடாக நின்ற ஜப்பானின் நினைவைக் கதையில் வைத்து, அதே ஜப்பானின் கலையுத்தியைக் கடன் பெற்றுச் சொன்ன படம் இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானியப் படத்தில் உண்மை கடைசிவரை மூடியே இருக்கிறது. தமிழ்ப் படத்திலோ ஐயங்கள் ஒவ்வொன்றாக நீங்கி உண்மை வெளியாகிறது. குற்றவாளி யார் என்பதைப் படம் பாராதோரின் நலன் கருதி இங்கே கூறாது விடுகிறேன்.

டோக்கியோவில் ஓர் அயலார்

ஜப்பானியப் படங்களை எழுதியே வாழ்ந்தவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் டொனால்ட் ரிச்சி. 1924இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லைமா என்னும் சிற்றூரில் பிறந்தவர். போர் முடிந்தபின் அமெரிக்கப் படைகளின் நிர்வாகத்தில் தட்டச்சராக 1947இன் தொடக்கத்தில் டோக்கியோ வந்தார். இராணுவச் செய்தித்தாளில் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். பின்பு 'ஜப்பான் டைம்ஸ்' இதழில் பல்லாண்டு எழுதினார். ஜோசஃப் ஆண்டர்சனுடன் சேர்ந்து 1959இல் ஜப்பானியத் திரைப்பட வரலாற்றை நூலாக்கினார். 1965இல் குரோசாவாவைப் பற்றியும் 1974இல் ஒசுவைப் பற்றியும் நூல்கள் எழுதினார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் சில ஆண்டுகள் திரைப்படப் பிரிவுப் பொறுப்பு வகித்தபோதிலும் மீண்டும் டோக்கியோவுக்கே திரும்பினார். உயேனோ பகுதியில் குளத்தை நோக்கிய சிறிய குடியிருப்பில் வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

ரிச்சியின் வாழ்விலிருந்து நாம் அறிவது என்ன? ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே பொருளை விடாது பற்றியிருந்தார். பெரும் படங்களை மட்டுமன்றித் தெருவோர மக்களையும், தோட்டங்களையும், உணவையும், ஓவியத்தையும் எழுதினார். ஒரு நாட்டின் திரைப்படம் அந்நாட்டு வாழ்க்கையின் ஒரு கிளை; வேரை அறியாமல் கிளையை எழுத இயலாது.

நெல் விளையும் நாட்டார் காணும் படங்கள்

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954இல் வந்தது. ஓர் உழவர் சிற்றூர். விளைச்சல் காலம் பார்த்துக் கொள்ளையர் வருவர். பயந்த ஊரார் காவலுக்குச் சாமுராய்களை அமர்த்தத் தீர்மானிக்கின்றனர். கொடுக்கப் பொன் இல்லை. வேளைக்கு வேளை நெல்லுச்சோறு மட்டுமே தர இயலும். அந்த நெல்லரிசியைக் காவலருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு உழவர்கள் தினைபோன்ற புன்செய்த் தவசத்தை உண்கின்றனர். இதை அறிந்த மூத்த சாமுராய் அந்தச் சோற்றின் மதிப்பை உணர்ந்து பணியை ஏற்கிறார்.

இப்படத்தைக் கண்ட அமெரிக்கர் தம் நாட்டுக் குதிரைவீரர்களை அதில் கண்டனர். 1960இல் தம் பாணியில் எடுத்தும்விட்டனர். நாம் பார்த்தால் வேறொன்றைக் காண்போம். கொள்ளையர் வருவது வாற்கோதுமை முற்றும் பருவத்தில். படம் முடிவதோ நெல் நடவில். ஒரே நிலத்தில் பருவத்திற்கொரு பயிர்! சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கும் தஞ்சை உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் தாளமும் பாட்டும் முழங்க, சேற்றில் வரிசையாக நின்று பெண்கள் நாற்று நடுகின்றனர். போரில் எஞ்சிய மூன்று சாமுராய்கள் ஓரமாய் நின்று பார்க்கின்றனர். வென்றது நாமல்லர், இந்த உழவர்களே என்று மூத்தவர் உணர்கிறார். குறுவை நடவில் குலவையும் பாட்டும் கேட்ட செவிக்கு அக்காட்சி அயல்நாட்டுக் காட்சியாகவே தோன்றாது. நெல்லே கூலியாக அளக்கப்பட்ட ஊர்களில், மரக்கால் கணக்குக்காகப் போராட்டங்கள் நடந்த மண்ணில், உழைப்பவனுக்கு எந்தச் சோறு என்ற கேள்வி பழைய கதை அன்று. இதை டோக்கியோ எழுத்தாளரோ நியூயார்க் எழுத்தாளரோ எழுத மாட்டார். நம்மில் ஒருவரே எழுதவேண்டும்.

யசுஜிரோ ஒசுவின் படங்களும் அவ்வாறே. 'டோக்கியோ கதை' 1953இல் வந்தது. வயதான தாயும் தந்தையும் நகரத்தில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்கின்றனர். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு நேரம்தான் இல்லை. சென்னைக்குப் பிள்ளை வீட்டுக்குச் சென்று நான்காம் நாளே ஊர் திரும்பும் பெரியவர்கள் நம் தெருவில் இல்லையா? 1952இல் வந்த மற்றொரு படத்தில், சோற்றில் குழம்பை ஊற்றிக் கலந்துண்ணும் கணவனின் நாட்டுப்புற வழக்கத்தை மனைவி இழிவாக நினைக்கிறாள். முடிவில் ஓரிரவு இருவரும் அடுக்களையில் தேடி எடுத்த சோற்றில் தேநீர் ஊற்றி உண்டு மனம் ஒன்றுகின்றனர். பழையசோற்றின் அருமை அறிந்தோர்க்கு இப்படத்தின் சுவை இருமடங்கு.

அறிவியல் மாணவர்க்கு இன்னொரு படம். 1954 மார்ச்சு முதல் நாள் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதிலிருந்த இருபத்து மூவரும் நோயுற்றனர். வானொலி இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஜில்லா' வெளிவந்தது. குழந்தைகளின் பூதக்கதை என்று பலர் கருதும் அப்படம், அணுவின் ஆற்றல் பொறுப்பின்றி வெளிப்பட்டால் விளையும் அச்சத்தின் வடிவம். நம் பாடநூலில் சமன்பாடாக இருப்பது அவர்கள் திரையில் கண்ணீராக இருக்கிறது.

பொம்மை கூறும் பாடம்

ஜப்பானியர் வீடுகளில் 'தருமா' என்ற பொம்மை உண்டு. தள்ளினால் சாயும், விட்டால் நிமிரும். தென்னிந்தியாவிலிருந்து சென்றவராக மரபு கூறும் போதிதருமரின் பெயரே அதற்கு. தஞ்சாவூர்ப் பொம்மையும் அத்தகையதே. அடிப்புறம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக அமைகிறது. சாய்க்கும்போது அம்மையம் உயர்கிறது; எனவே பொம்மை தானே பழைய நிலைக்கு மீள்கிறது. இரு நாட்டிலும் ஒரே இயற்பியல்.

இதனால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்றும், நெற்பயிர் சார்ந்த சொற்களிலும் பொங்கல் வழக்கங்களிலும் அதன் தடயம் உண்டென்றும் பல்லாண்டு வாதிட்டார். அவர் உழைப்பு பெரிது. எனினும் மொழியியலாளர் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. ஒற்றுமையைக் காண்பது எளிது, நிறுவுவது அரிது. கலையைப் பற்றி எழுதுவோர் ஆய்வுக்கூட ஒழுக்கத்தைக் கைக்கொள்ளவேண்டிய இடம் இதுவே.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

இதுவரை ஜப்பானை நோக்கிச் சென்ற பார்வையைக் கண்டோம். அங்கிருந்து நம்மை நோக்கிய பார்வையும் உண்டு. நம் மன்னார்குடிப் பகுதித் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் ஜப்பான் சென்று 'உதயசூரியன்' என்ற பயணநூல் எழுதினார். அதுபோல் ஒரு ஜப்பானியர் நம் கலையைத் தற்செயலாகக் கண்டார். அவர் ஜுன் எடோகி என்னும் திரைப்பட விமர்சகர். 1996இல் சிங்கப்பூரின் தமிழர் பகுதியில் கே.எஸ். ரவிக்குமார் இயக்கி ரஜினிகாந்த் நடித்த 'முத்து' படத்தைப் பார்த்து மகிழ்ந்தார். அதைத் தம் நாட்டார் பார்க்கவேண்டும் என்று முயன்றார். 1998இல் 'ஆடும் மகாராஜா' என்ற துணைப்பெயருடன் டோக்கியோ ஷிபுயாவில் ஓர் அரங்கில் வெளியாகி இருபது வாரங்களுக்கு மேல் ஓடியது. 2006இல் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பேசியபோது இப்படத்தைக் குறிப்பிட்டார். வெனிசுக்கு ஓர் இத்தாலிய அம்மையார் செய்ததை டோக்கியோவுக்கு ஒரு விமர்சகர் செய்தார். நாம் மலிவானது என்று ஒதுக்குவதில் அயலார் ஒருவர் ஆர்வம் காணும்போது, நம் கண்ணையே நாம் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதனால் சோறு கிடைக்குமா?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள் நம்முள் பலர். நம் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதை ஏளனம் செய்வது அறியாமை. உண்மையை உள்ளபடியே பார்ப்போம்.

வலங்கைமானில் 1912இல் பிறந்த க.நா. சுப்ரமண்யம் நிலையான உத்தியோகத்தை நாடாமல் எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். ஐரோப்பிய நாவல்களைத் தமிழாக்கினார். 1986இல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பணிபுரிந்து 1966இல் விலகி எழுத்தாளராக வாழ்ந்தார். அந்த ஸ்டூடியோ வாழ்வே பின்னர் அவர் எழுத்துக்குச் செல்வமாயிற்று. ராண்டார் கை என்ற பெயரில் எழுதிய மாடபூசி ரங்கதுரை சட்டம் படித்தவர். பழந்தமிழ்ப் படங்களைப் பற்றி ஆங்கில ஏடுகளில் பல்லாண்டு எழுதி 2023இல் மறைந்தார். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்துக்கொண்டே திரைப்பட வரலாறு எழுதினார். 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் படங்களுக்கு மக்கள் தொடர்பாளராகத் தொழில் செய்துகொண்டே ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் விவரத்தையும் ஒளிப்படத்தையும் சேர்த்தார். அவரது தொகுப்பைத் தமிழக அரசே பெற்றுக்கொண்டது. 2016இல் அவர் மறைந்தார்.

இவற்றிலிருந்து தெரிவது, எழுத்து மட்டுமே சோறிட்டது சிலருக்கு; அதுவும் குறையாகவே. பலர் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினர். ஆகவே பட்டப்படிப்பை விட்டுவிட்டு எழுத வாருங்கள் என்று நான் கூற வரவில்லை. பட்டமும் வேண்டும், பேனாவும் வேண்டும்.

எழுதாமற்போனால் நேரும் இழப்பு

நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னகத்தின் முதல் கதைப்படம். அதன் பிரதி இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' படமும் இல்லை. ஜப்பானிலும் 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் மௌனப் படங்களுள் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் அங்கே 'கினெமா ஜுன்போ' போன்ற ஏடுகள் எழுதி வைத்திருந்ததால், மறைந்த படம் எத்தகையது என்றாவது அறிய முடிகிறது. 1926இல் கினுகாசா எடுத்த 'ஒரு பைத்தியப் பக்கம்' நாற்பத்தைந்து ஆண்டுகள் காணாமற்போய், 1971இல் அவரது சேமிப்பறையிலேயே கிடைத்தது. தேடுவோர் இருந்தால் தொலைந்ததும் திரும்பும்.

நம் பகுதியில் டூரிங் டாக்கீஸ்கள் மறைந்தன. ஒற்றைத்திரைக் கொட்டகைகள் பல கல்யாண மண்டபங்களாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. கையால் விளம்பரப் பலகை தீட்டிய ஓவியர்கள், கரிக்குச்சி வெளிச்சத்தில் படக்கருவி இயக்கியவர்கள், இடைவேளையில் முறுக்கு விற்றவர்கள் முதுமையடைந்துள்ளனர். அவர்களோடு ஒரு வரலாறு இருக்கிறது. அவர்கள் சென்றபின் அதைக் கேட்டறிய எந்தக் கருவியும் இல்லை.

முடிவுரை

ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நோக்கம், கருவி, கண்டது, கணக்கிட்டது, முடிவு என்று தேதியிட்டு எழுதுகிறோம். ஒரு நல்ல படத்தைப் பார்த்த பின்னும் அவ்வாறே ஒரு பக்கம் எழுதினால் என்ன? கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்து எழுதப் பழகினால் அதுவே திறனாய்வின் முதற்படி. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கொட்டகையின் பெயர், அது எழுந்த ஆண்டு, மூடிய ஆண்டு, அதில் பணிபுரிந்தவர் நினைவுகள் ஆகியவற்றை அவர் இசைவுடன் கேட்டு எழுதிவரலாம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டு மலரில் அதற்கென ஒரு பகுதியே அமைக்கலாம். நான்கு மாணவர்கள் நான்கு பக்கங்களில் தொடங்கியது நூறாண்டைக் கடந்து நிற்கிறதெனில், நம் கல்லூரியில் நான்கு பேர் கிடைக்கமாட்டார்களா? ஜப்பானியத் திரையை விரும்பிப் பார்ப்போம். அதைப் பார்த்த கண்ணோடு நம் வயலையும் நம் கொட்டகையையும் பார்ப்போம். பார்த்ததை எழுதி வைப்போம்.